உர மூட்டைக்குள் ஓர் இரசாயனக் கணக்கு

நான்காம் படிவத்தில் இரசாயனப் பாடம் எடுத்திருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், 'மோல்' என்ற சொல் அந்த வீட்டில் ஒரு முறையாவது ஒலித்திருக்கும். பெரும்பாலும் புலம்பலாகத்தான் ஒலித்திருக்கும். அணு, தனிமம் என்று கதை போலப் போய்க்கொண்டிருந்த பாடம், மூன்றாம் அத்தியாயத்தில் திடீரென்று கணக்காக மாறிவிடுகிறது. மலாய்ப் புத்தகத்தில் 'ஜிசிம் மோலார்' என்றும், தமிழில் 'மோலார் நிறை' என்றும் சொல்லப்படும் பகுதி அதுதான். நம் பிள்ளைகளில் பலர் அந்த இடத்தில்தான் "இது நமக்கு வராது" என்று புத்தகத்தை மூடிவைக்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் அத்தியாயங்களில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கின் மேல் நிற்பவை. ஆகவே இங்கே விழுந்தவர்கள் எஸ்.பி.எம். வரை எழுந்திருப்பதில்லை. மருத்துவம், மருந்தகம், இரசாயனப் பொறியியல் என்று பல படிப்புகளின் வாசல் அந்த ஓர் அத்தியாயத்திலேயே சாத்திக்கொள்கிறது.

ஒருநாள் ஓர் அம்மா என்னிடம், "சார், மவனுக்குக் கணக்கு நல்லா வருது. கெமிஸ்ட்ரியில மட்டும் ஏன் சார் விழுந்துடுறான்?" என்று கேட்டார். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் உரம் போடுற வேலைதானே? அந்த மூட்டையில எழுதியிருக்கிற நம்பரைப் பையனைப் பார்க்கச் சொல்லுங்க. அவன் பாடம் அதுலதான் இருக்கு" என்றேன். அந்த அம்மாவுக்கு நான் விளையாட்டாகச் சொன்னதாகத் தோன்றியிருக்கும். உண்மையில் தோட்டத்து ஸ்டோரிலும், செம்பனை ஆலையிலும், பழைய ரப்பர்ப் பால் கொட்டகையிலும் இந்தக் கணக்கு நெடுங்காலமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம்.

ஹார்ட்வேர் கடையில் போல்ட்டையும் நட்டையும் நிறுத்து வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு போல்ட்டு 30 கிராம், ஒரு நட்டு 10 கிராம். ஒரு போல்ட்டுக்கு ஒரு நட்டு வேண்டும். 3 கிலோ போல்ட்டு வாங்கினால் எத்தனை கிலோ நட்டு வாங்க வேண்டும்? 3 கிலோ என்று சொன்னால் 300 நட்டு வந்து சேரும், போல்ட்டோ 100தான். 200 நட்டு வீண். 1 கிலோ நட்டு வாங்கினால் சரியாக 100. நாம் எண்ணவே இல்லை. நிறுத்தோம், ஆனால் எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது. ஒன்றின் எடை என்ன என்று தெரிந்ததனால் வந்தது.

இரசாயனத்தில் நடப்பதும் இதுவே. அணுக்கள் எண்ணிக்கைப்படிதான் ஒன்றோடொன்று சேர்கின்றன. ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு. நம்மிடம் இருப்பதோ தராசு மட்டும். அணுவைக் கையால் எண்ண முடியாது. அதனால் எடையை எண்ணிக்கையாக மாற்ற ஒரு வழி தேவைப்படுகிறது. அந்த வழிதான் மோலார் நிறை.

ஹைட்ரஜன் அணுவின் எடையை 1 என்று கொண்டால், கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் என்ற பிராணவாயு 16, சோடியம் 23, கந்தகம் 32, குளோரின் 35.5, பொட்டாசியம் 39. இவை ஏறத்தாழ முழு எண்ணாக்கிய அளவுகள். பள்ளிக் கணக்குக்கு இவை போதும். 1 கிராம் ஹைட்ரஜனிலும், 12 கிராம் கார்பனிலும், 39 கிராம் பொட்டாசியத்திலும் உள்ள அணுக்களின் எண்ணிக்கை ஒன்றேதான். கோழி முட்டை ஒரு டசனும் வாத்து முட்டை ஒரு டசனும் தராசில் வேறு வேறு எடை காட்டும். எண்ணிக்கை மட்டும் 12 அல்லவா? அதுபோல, இரசாயனக்காரர்களின் 'டசன்' தான் மோல். 12க்குப் பதிலாக அதில் 6022 என்று எழுதி அதன் பின்னால் 20 சுழியம் போட வேண்டும். அவ்வளவு பெரிய டசன். ஒரு பொருளின் ஒரு மோல் எத்தனை கிராம் இருக்கிறதோ, அதுவே அதன் மோலார் நிறை.

இந்த எண்ணுக்கு இத்தாலி நாட்டு அவகாட்ரோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். சமமான கன அளவுள்ள வாயுக்களில், வெப்பமும் அழுத்தமும் ஒன்றாக இருந்தால், மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருக்கும் என்று அவர் 1811-இல் சொன்னார். உலகம் காது கொடுக்கவில்லை. அவர் 1856-இல் இறந்தார். 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய மாநாட்டில் அவருடைய நாட்டுக்காரரான கன்னிசாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் அணு எடைகளில் இருந்த குழப்பம் தீரத் தொடங்கியது. எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டலாம் என்று 1909-இல் முன்மொழிந்தவர் பிரெஞ்சு அறிஞர் பெரின். 2019 மே 20 முதல் அந்த எண் இனி மாறாதபடி அனைத்துலக அளவில் நிலைநிறுத்தப்பட்டுவிட்டது.

இனி மூட்டைக்கு வருவோம்.

யூரியா மூட்டையில் 46 என்று அச்சிட்டிருக்கும். நூறு பங்கில் 46 பங்கு நைட்ரஜன் என்று பொருள். இந்த 46 எங்கிருந்து வந்தது? யூரியாவின் ஒரு மூலக்கூறில் 2 நைட்ரஜன், 4 ஹைட்ரஜன், 1 கார்பன், 1 ஆக்சிஜன். எடையைக் கூட்டுங்கள்: 28, 4, 12, 16. மொத்தம் 60. யூரியாவின் மோலார் நிறை 60 கிராம். அதில் நைட்ரஜன் 28. 28-ஐ 60-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 46.7. ஈரமும் சிறு கலப்பும் போக, மூட்டையில் 46 என்று போடுகிறார்கள்.

தோட்டத்தில் எஸ்.ஓ.ஏ. என்று சொல்லும் அமோனியம் சல்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2 நைட்ரஜன், 8 ஹைட்ரஜன், 1 கந்தகம், 4 ஆக்சிஜன். 28, 8, 32, 64, மொத்தம் 132. நைட்ரஜன் அதே 28தான். 28-ஐ 132-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 21. மூட்டையிலும் 21தான் இருக்கும். ஆக, 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைட்ரஜன். 50 கிலோ எஸ்.ஓ.ஏ. மூட்டையில் பத்தரைக் கிலோ. தோளில் ஏற்றும்போது இரண்டும் ஒரே கனம். மரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய சத்தில் ஒன்று மற்றொன்றைப் போல் இருமடங்குக்கும் மேல்.

சொந்தமாக நாலைந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்களுக்கு இது காசு விஷயம். ஒரு பேச்சுக்கு, யூரியா மூட்டை 100 வெள்ளி, எஸ்.ஓ.ஏ. மூட்டை 60 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். (சந்தை விலை மாறிக்கொண்டே இருப்பது, இது கணக்குக்காக நான் போட்ட விலை.) மூட்டையைப் பார்த்து வாங்குகிறவர் 60 வெள்ளியையே மலிவு என்பார். நைட்ரஜனைப் பார்த்து வாங்குகிறவர் வகுத்துப் பார்ப்பார்: யூரியாவில் ஒரு கிலோ நைட்ரஜன் 4 வெள்ளி 35 காசு, எஸ்.ஓ.ஏ.யில் 5 வெள்ளி 71 காசு. மலிவு மூட்டைதான் விலை அதிகம்!

அப்படியானால் எல்லாரும் யூரியாவே போடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் மரத்தடிக்கு வர வேண்டும். யூரியா மண்ணின் மேலே கிடந்தால், மண்ணில் உள்ள ஒரு நொதிப்பொருள் அதை அமோனியாவாக மாற்றிவிடுகிறது. அமோனியா காற்றோடு போய்விடும். லேசான ஈரத்தோடு வெயிலும் சேர்ந்தால் நட்டம் அதிகம். நல்ல மழை வந்து உரத்தை மண்ணுக்குள் இறக்கினால் நட்டம் குறைவு. நம் கணக்கில் பத்தில் மூன்று பங்கு காற்றில் போனதாக வையுங்கள். 23 கிலோவில் 16.1 கிலோதான் மிஞ்சும். ஒரு கிலோ நைட்ரஜன் 6 வெள்ளி 21 காசு ஆகிவிடும். இப்போது எஸ்.ஓ.ஏ. மலிவு. ஆனால் எஸ்.ஓ.ஏ.யை ஆண்டுக்கணக்கில் போட்டால் மண்ணின் புளிப்பு ஏறும். ஏற்கெனவே புளித்த மண் உள்ள கரையோரப் பகுதிக்காரர்கள் அதையும் யோசிக்க வேண்டும். வானத்தைப் பார்த்து உரம் போடும் பழைய மண்டோர்கள் மோல் படிக்காதவர்கள்தான். ஆனாலும் இந்த நட்டக் கணக்கு அவர்களுக்கு மனத்தில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

எஸ்.ஓ.ஏ. எப்படித் தயாராகிறது என்பதில் பரீட்சைக்கு வேண்டிய இன்னொரு பாடம் இருக்கிறது. அமோனியாவும் கந்தக அமிலமும் சேர்ந்து அது உண்டாகிறது. ஒரு அமிலத்துக்கு ஒரு அமோனியா போதாது, இரண்டு வேண்டும். அமோனியாவின் மோலார் நிறை 14-உம் 3-உம் சேர்ந்து 17, இரண்டுக்கு 34. கந்தக அமிலம் 2, 32, 64, சேர்த்து 98. 34-உம் 98-உம் கூட்டினால் 132. எஸ்.ஓ.ஏ.யின் அதே 132! உள்ளே போன எடை வெளியே வந்தது; ஒரு கிராம் குறையவில்லை. 132 கிலோ உரத்துக்கு 34 கிலோ அமோனியா வேண்டுமென்றால், 50 கிலோ மூட்டைக்கு ஏறக்குறைய 12.9 கிலோ. பிள்ளைகள் இந்த வகைக் கேள்வியில் தவறுவது பெருக்கலில் அல்ல. 'இரண்டுக்கு ஒன்று' என்பதைச் சமன்பாட்டில் பார்க்காமல், நேரே எடைக்கு எடை போட்டுவிடுகிறார்கள். போல்ட்டு ஒன்றுக்கு நட்டு இரண்டு தேவை என்றால் கடைக்காரரிடம் என்ன கேட்பாய் என்று சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

மற்றொரு தடுமாற்றம் ஆக்சிஜனில். அணு என்றால் 16. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் இரண்டிரண்டாகச் சேர்ந்தே இருப்பதால், வாயு என்று கேள்வியில் வந்தால் 32. ஹைட்ரஜன், நைட்ரஜன், குளோரின் வாயுக்களுக்கும் அப்படித்தான். கேள்வியில் 'அணு'வா, 'வாயு'வா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுக்க வேண்டும்.

சிவப்பு நிறத்தில் வரும் பொட்டாஷ் உரம், எம்.ஓ.பி., கொஞ்சம் குறும்பானது. மூட்டையில் 60 என்று இருக்கும். உள்ளே இருப்பது பொட்டாசியம் குளோரைடு: 39-உம் 35.5-உம் சேர்ந்து 74.5. பொட்டாசியத்தின் பங்கு 39-ஐ 74.5-ஆல் வகுத்தால் 52தான் வரும். சுத்தமான உப்பிலேயே 52 இருக்கும்போது மூட்டையில் 60 எப்படி? ஏமாற்று அல்ல. உர வணிகத்தில் பொட்டாசியத்தை 'பொட்டாசியம் ஆக்சைடு' என்ற பொருளாக எண்ணிச் சொல்வது பழைய வழக்கம். மூட்டைக்குள் அந்தப் பொருள் ஒரு துளியும் கிடையாது! அதன் மோலார் நிறை 39, 39, 16, மொத்தம் 94. இரண்டு பொட்டாசியம் குளோரைடு (149) கொடுக்கும் பொட்டாசியம், ஓர் ஆக்சைடுக்குச் சமம். 94-ஐ 149-ஆல் வகுத்தால் 63. கலப்பு போக 60. உண்மையான பொட்டாசியம் எவ்வளவு என்று அறிய, அந்த 60-ஐ 78-ஆல் பெருக்கி 94-ஆல் வகுக்க வேண்டும், 50 வரும். ஆக 50 கிலோ மூட்டையில் பொட்டாசியம் 25 கிலோ. 

ரப்பரை மறந்துவிடக் கூடாது. பால் கொட்டகையில் பாலைக் கட்டவைக்க ஊற்றிய ஆசிட் பெரும்பாலும் பார்மிக் அமிலம். எறும்பைக் காய்ச்சி வடித்து முதலில் கண்ட அமிலம் அது. லத்தீன் மொழியில் எறும்புக்கு 'போர்மிக்கா' என்று பெயர். அதன் மோலார் நிறை 46. காடியில் இருக்கும் அசெட்டிக் அமிலத்துக்கு 60. இரண்டும் அமோனியாவோடு ஒன்றுக்கு ஒன்று சேர்பவை. பால் சீக்கிரம் கட்டிவிடாமலிருக்கக் கலந்த அமோனியா 17 கிராம் இருந்தால், அதை முறிக்கப் பார்மிக் 46 கிராம் போதும். அசெட்டிக் என்றால் 60 கிராம் வேண்டும். பார்மிக் கூடுதல் வீரியமுள்ளதும்கூட. வாளியில் கலக்கும்போது தண்ணீருக்குள் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டுக்குள் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னது இன்றைக்கும் பள்ளி ஆய்வுக்கூடத்தில் முதல் பாடம்.

இப்போது எங்கள் ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் வாருங்கள். பெர்ணம் ஆற்றுக்கு இந்தக் கரை பேராக், அந்தக் கரை சிலாங்கூர். 2017-இல் தனி மாவட்டமான பாகான் டத்தோவைச் சேர்ந்தது எங்கள் ஊர். தென்னையும் செம்பனையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் பூமி. டென்மார்க் நாட்டுப் பொறியாளர் வெஸ்டன்ஹோல்ஸ் 1906-இல் தொடங்கிய ஜெண்டராத்தா தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ரப்பரில் தொடங்கிய அது பிறகு செம்பனையில் பெயர் வாங்கியது. 1974-இல் அங்கே யூனிட்டாட்டா என்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் சிலாங்கூரில் உண்டானது. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம்! தமிழ் தெரிந்தவர்களுக்கு அதில் ஒரு சிரிப்பு இருக்கிறது.

குலையை வெட்டியதும் இன்றைக்கே ஆலைக்குப் போக வேண்டும் என்று மண்டோர் அவசரப்படுத்துவதைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். காரணம் என்ன? செம்பனைப் பழத்தின் சதையில் லைபேஸ் என்ற நொதிப்பொருள் இருக்கிறது. பழம் நசுங்கினாலும், அடிபட்டாலும், கனிந்து கிடந்தாலும் அது எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கத் தொடங்கிவிடும். ஆலையில் முதல் வேலையாகக் குலையை நீராவியில் வேகவைப்பது அந்த நொதியைக் கொல்லத்தான். அதற்குள் உண்டான அமிலம் எண்ணெயில் தங்கிவிடும். சுத்திகரிக்கும்போது அதை நீக்கினால் எண்ணெயின் எடையும் குறையும். கச்சாச் செம்பனை எண்ணெயில் இந்த அமிலம் நூற்றுக்கு 5-க்கு மேல் போகக் கூடாது என்பது வணிகத் தரம். ஆக, ஆலையின் ஆய்வுக்கூடத்தில் அமிலத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

அளக்கும் விதம் எளிது. 5 கிராம் எண்ணெயைச் சூடான ஆல்கஹாலில் கரைத்து, பினால்ப்தலீன் சில சொட்டு விடுவார்கள். பிறகு பியூரெட் குழாயிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். லேசான இளஞ்சிவப்பு நிறம் தோன்றி மறையாமல் நின்றால் அமிலம் முழுவதும் முறிந்துவிட்டது என்று பொருள். சோடியம் ஹைட்ராக்சைடின் மோலார் நிறை 23, 16, 1, மொத்தம் 40. ஒரு லிட்டர் தண்ணீரில் 4 கிராம் கலந்தால், லிட்டருக்குப் பத்தில் ஒரு மோல். ஒரு மில்லிலிட்டரில் பத்தாயிரத்தில் ஒரு மோல். 7.8 மில்லிலிட்டர் செலவானால் 0.00078 மோல். அமிலமும் காரமும் ஒன்றுக்கு ஒன்று. ஆகவே எண்ணெயிலும் 0.00078 மோல் அமிலம் இருந்திருக்க வேண்டும்.

இதை எடையாக்க மோலார் நிறை வேண்டும். செம்பனை எண்ணெயில் மிகுதியாக இருப்பது பால்மிட்டிக் அமிலம். அதில் 16 கார்பன், 32 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன்: 192, 32, 32, மொத்தம் 256. 0.00078-ஐ 256-ஆல் பெருக்கினால் 0.2 கிராம். 5 கிராமில் 0.2 கிராம் என்றால் நூற்றுக்கு 4. எண்ணெய் தேறிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டால், "25.6-ஆல் பெருக்குவோம்" என்பார்கள். அந்த 25.6 வேறொன்றுமில்லை. விழுக்காட்டின் 100-ஐயும் மில்லிலிட்டரின் 1000-ஐயும் சேர்த்துச் சுருக்கிய பால்மிட்டிக் அமிலத்தின் 256தான் அது.

பக்கத்துக் காணியின் தேங்காய் எண்ணெயை அதே குடுவையில், அதே கரைசலால் அளந்து, அதே 7.8 மில்லிலிட்டர் செலவானதாக வைப்போம். விடை 4 அல்ல. தேங்காய் எண்ணெயில் மிகுதி லாரிக் அமிலம்: 12 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். 144, 24, 32, மொத்தம் 200. 0.00078-ஐ 200-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 3.1. மூலக்கூறுகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. ஒவ்வொன்றின் கனம்தான் வேறு. செம்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கும் 256-ஐ விட்டு இந்த 200-ஐத்தான் எடுக்க வேண்டும். ஒரே மரத்தின் ஒரே பழம், சதைக்கு ஓர் எண், பருப்புக்கு ஓர் எண்! எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. பிள்ளைகளுக்குச் சொன்னால் வியக்கிறார்கள்.

வீட்டில் பெரியவர்கள் மூட்டையைக் காட்ட, பிள்ளை கணக்குப் போட, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று தருகிறேன். கீசரைட் என்ற உரம் உங்கள் ஸ்டோரிலும் இருக்கும். அது மக்னீசியம் சல்பேட்டோடு ஒரு தண்ணீர் மூலக்கூறு சேர்ந்தது. மக்னீசியம் 24 என்று கொள்ளுங்கள். கந்தகம் ஒன்று, ஆக்சிஜன் நான்கு, தண்ணீர் 18. இங்கேயும் வணிக வழக்கப்படி மக்னீசியம் ஆக்சைடாகத்தான் எண்ண வேண்டும். சரியாகப் போட்டால் நூற்றுக்கு 29 வரும். மூட்டையில் 26 அல்லது 27 என்று இருந்தால் பையன் திகைப்பான். பொட்டாஷ் மூட்டையில் 63 ஏன் 60 ஆனது என்று கேளுங்கள்.